கடும் மனநோயும் கையில் ஒரு போனும்: வீட்டிலேயே செய்யக்கூடியவை, படிப்படியாக

போன டிசம்பரில் ஒரு அம்மா என் கடைக்கு வந்தார். கோத்தகிரியில் சின்னதாக ஒரு செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பவர் என்பது விரல் நுனியில் ஏறியிருந்த கறையிலேயே தெரிந்தது. மஞ்சப்பையிலிருந்து ஒரு போனை எடுத்து மேஜைமேல் வைத்தார். "இதுல நெட்டு மட்டும் போகாத மாதிரி பண்ணிக் குடு சாமி. பையன் ராத்திரி தூங்கறதே இல்ல. விடியக்காலைல கண்ண மூடினான், எடுத்துட்டு ஓடியாந்துட்டேன்." மகனுக்கு மனச்சிதைவு நோய், அதாவது ஸ்கிசோஃப்ரினியா. மூன்று வருடமாக மாத்திரை ஓடுகிறது.

நான் செய்து கொடுக்கவில்லை. டீ வரவழைத்து, உட்கார வைத்துப் பேசினேன். அன்றைக்கு அரைகுறையாகச் சொன்னதைத்தான் இங்கே ஒழுங்காக எழுதியிருக்கிறேன்.

எனக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு பைபோலார், அதாவது இருமுனைக் கோளாறு. பதினான்கு வருடமாக அதற்கான லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறேன். என் போனை மச்சான் இரண்டு முறை பிடுங்கி வைத்திருக்கிறார். முதல் முறை, கடன் வாங்கி வேறு போன் வாங்கினேன். இரண்டாம் முறை, அந்தக் கோபத்தில் மாத்திரையை நிறுத்தினேன். பிடுங்குவதில் எனக்கு நம்பிக்கை போனது அப்படித்தான். அதற்காக, போனை அவரவர் இஷ்டத்துக்கு விட்டுவிடுங்கள் என்றும் சொல்லமாட்டேன். போனுக்கான விதிகளை, நன்றாக இருக்கும் நாளில், நோய் உள்ளவரே தன் கையால் எழுத வேண்டும். மற்றவர்கள் பக்கத்தில் இருந்தால் போதும். கீழே வருகிற படிகள் எல்லாம் அதைச் சுற்றித்தான்.

கடும் மனநோய் என்று நான் சொல்வது மனச்சிதைவு, பைபோலார், படுக்கையை விட்டு எழவிடாத அளவு மனச்சோர்வு போன்றவை. ரீல்ஸ் பார்த்து மூட் கெட்டுப்போனது வேறு சமாச்சாரம். அப்புறம், இது எதுவும் டாக்டருக்கு மாற்று அல்ல. டாக்டர் பார்க்க முடியாத மீதி இருபத்து மூன்றே முக்கால் மணி நேரத்துக்கானது.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லவேண்டும். கடும் மனநோய் உள்ளவர்களுக்குச் சமூக ஊடகத்தால் கெடுதல் மட்டும்தான் என்று ஆராய்ச்சி சொல்லவில்லை. ஜான் நஸ்லுண்ட் முதலிய ஆய்வாளர்கள் 2020-ல், அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்து எழுதினார்கள். பேச ஆள் கிடைப்பது, அதே நோய் உள்ளவர்களின் துணை, சிகிச்சையோடு தொடர்பு விடாமல் இருப்பது ஆகியவை ஒரு பக்கம். அறிகுறிகள் கூடுவது, அவமானப்படுத்தப்படுவது, அந்தரங்கம் வெளியே போய் வேலையும் உறவும் கெடுவது மறுபக்கம். இரண்டும் உண்மை. எங்கள் மலையில் முதல் பக்கத்துக்கு எடை கொஞ்சம் அதிகம் என்றே நினைக்கிறேன். கூடப் படித்தவர்கள் எல்லாம் கோவை, திருப்பூர், பெங்களூர் என்று இறங்கிவிட்டார்கள். மழைக்காலத்தில் நாலு நாள் வீட்டைவிட்டு வெளியே வரமுடியாது. வாட்ஸ்அப்பும் இல்லையென்றால் சில பேருக்கு வாயைத் திறக்கவே காரணம் இருக்காது.

படி 1: ஒரு வாரம் எதையும் மாற்றாமல் எழுதுங்கள்

தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் போதும். நோய் உள்ளவரே எழுதவேண்டும். போனைக் கடைசியாக எத்தனை மணிக்குக் கீழே வைத்தேன், எப்போது தூங்கினேன், எப்போது விழித்தேன், கடைசியாக என்ன பார்த்துக்கொண்டிருந்தேன், காலையில் மனசு எப்படி இருந்தது. ஐந்தே வரி.

ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸுக்குள் 'டிஜிட்டல் வெல்பீயிங்' என்று ஒன்று இருக்கும். எந்த ஆப்பில் எவ்வளவு நேரம், ஒரு நாளைக்கு எத்தனை தடவை போனைத் திறந்தோம் என்று அதில் வரும். மொத்த மணி நேரத்தைப் பார்த்து அலறாதீர்கள். என் தாள்களில் நான் கண்டது இதுதான்: பகலில் ஆறு மணி நேரம் போர்டு ரிப்பேர் வீடியோ பார்த்த நாளில் ஒன்றும் ஆகவில்லை. ராத்திரி ஒரு மணிக்கு நாற்பது நிமிடம் அரசியல் சண்டை போட்ட மறுநாள் நான் நானாக இல்லை.

படி 2: இரவைக் காப்பாற்றுங்கள்

மற்ற எல்லாப் படிகளையும் விட்டுவிட்டாலும் இதை விடாதீர்கள்.

பைபோலார் உள்ளவருக்கு ஒன்றிரண்டு இரவுத் தூக்கம் போனாலே மேனியா, அதாவது மனசு அளவுக்கு மீறிப் பொங்கும் கட்டம், கிளம்பிவிடலாம். மனச்சிதைவிலும் நோய் திரும்புவதற்கு முன்னால் பல பேருக்குத் தூக்கம்தான் முதலில் கெடும். மாத்திரையோடு வருகிற தூக்கம் மலையிலிருந்து கிளம்பும் கடைசி பஸ் மாதிரி. ஒன்பது மணிக்குப் போட்டால் பத்து, பத்தரைக்குக் கண் சொருகும். அப்போது 'இன்னும் ஒரே ஒரு ரீல்ஸ்' என்று உட்கார்ந்தால் பஸ் போய்விடும். அடுத்தது விடிந்துதான்.

2017 ஜனவரி. இலவச 4ஜி டேட்டா வந்து ஊரே போனும் கையுமாக இருந்த சமயம். எங்கள் வீட்டில் டவர் கிடைப்பது சமையலறை ஜன்னலில் மட்டும். உறைபனிக் காலம், வெளியே புல்லெல்லாம் வெள்ளை. கம்பளியைப் போர்த்திக்கொண்டு, குல்லா போட்டு, ராத்திரி இரண்டரை மணிக்கு அந்த ஜன்னலில் நின்று ஃபேஸ்புக் லைவ் போட்டேன். பச்சைத் தேயிலைக்கு நியாய விலை வாங்கித் தரும் திட்டம் என் தலையில் முழுதாக இறங்கிவிட்டதாக நம்பினேன். மூன்று மணி நேரம் பேசினேன். கை விறைத்துப் போனது தெரியவில்லை. பார்த்தவர்கள் மூன்று பேர். அதில் ஒருவர் அதைப் பதிவு செய்துகொண்டிருந்தார். அதற்கு முந்தைய நான்கு இரவும் நான் சரியாகத் தூங்கவில்லை. யாராவது அந்த நான்கு இரவுக்குள் கவனித்திருந்தால் ஜன்னல் வரைக்கும் போயிருக்கமாட்டேன்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். சார்ஜரைப் படுக்கையறையிலிருந்து வெளியே எடுங்கள். சமையலறை அலமாரி நல்ல இடம். 'அலாரத்துக்குப் போன் வேணுமே' என்பது எல்லாரும் சொல்லும் சாக்கு. ஒரு அலாரம் கடிகாரம் வாங்கிவிட்டால் அது தீர்ந்தது. அவசரத்துக்கு அழைக்கவேண்டுமே என்று பயந்தால், பழைய பட்டன் போன் ஒன்றில் ஒரு சிம்மைப் போட்டுத் தலைமாட்டில் வையுங்கள். தூக்கம் வராத இரவுக்கு அதிலேயே பாட்டு ஏற்றிக்கொள்ளலாம்.

கடைக்காரனாக ஒன்று சொல்கிறேன். தினசரி 1.5 ஜிபி, 2 ஜிபி பேக்குகளில் நள்ளிரவு 12 மணிக்குப் புது டேட்டா வந்துவிழும். பதினோரு மணிக்குத் தீர்ந்துபோனவர் பன்னிரண்டுக்காகக் கண் விழித்துக் காத்திருப்பார். அந்த அம்மாவின் மகன் செய்துகொண்டிருந்ததும் அதுதான். மாதத்துக்கு மொத்தமாக இத்தனை ஜிபி என்று வரும் பேக்குக்கு மாற்றினால் அந்தக் காத்திருப்பு நின்றுவிடும்.

டிசம்பர், ஜனவரியில் ஆறரைக்கே இருட்டிக் குளிர் ஏறிவிடும். அப்போதே போனோடு கம்பளிக்குள் நுழைந்தால், படுக்கை என்றாலே போன் என்று உடம்புக்குப் பழகிவிடும். தூங்கும் நேரம் வரை அடுப்படியில் உட்காருங்கள். அங்கேதான் சூடும் இருக்கிறது, ஆளும் இருக்கிறார்கள்.

போன் திரையின் நீல ஒளி தூக்கத்தைக் கெடுக்குமா என்று கேட்பார்கள். நார்வேயில் 2016-ல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், மருத்துவமனையில் இருந்த மேனியா நோயாளிகள் மாலை 6 முதல் காலை 8 வரை நீல ஒளியைத் தடுக்கும் ஆரஞ்சு நிறக் கண்ணாடி போட்டார்கள். ஒரு வாரத்தில் நல்ல வித்தியாசம் தெரிந்தது. மாத்திரையும் கூடவே போய்க்கொண்டிருந்தது. அதை வைத்துக்கொண்டு, போனில் நைட் மோடைப் போட்டுவிட்டு இரண்டு மணி வரை சண்டை போடலாம் என்று அர்த்தம் பண்ணிக்கொள்ளக் கூடாது.

படி 3: உங்கள் நோய் போனில் எப்படித் தெரிகிறது?

நோய் திரும்பும்போது ஒவ்வொருவருக்கும் ஒரு கைரேகை உண்டு. அது போனில் விழும். எனக்கு ஸ்டேட்டஸ் ஒரு நாளைக்கு ஐந்தைத் தாண்டும், படிக்காமலே பதில் போடுவேன், ஆறு நிமிட வாய்ஸ் மெசேஜ் அனுப்புவேன், புதுக் குரூப் தொடங்கி ஊரையே அதில் சேர்ப்பேன். மனசு சோர்வுக்கு இறங்கும்போது டிபி காணாமல் போகும், மெசேஜைப் பார்ப்பேன், பதில் போகாது. எனக்குத் தெரிந்த மனச்சிதைவு உள்ள ஒருவர் நம்பரை மாற்றுவார், எல்லாரையும் பிளாக் செய்வார், கேமராமேல் பிளாஸ்திரி ஒட்டுவார். போனை அழித்துத் தரச் சொல்லி அவர் ஒரே மாதத்தில் மூன்று தடவை கடைக்கு வந்தால், நான் அவர் வீட்டில் கேட்கலாம் என்று எங்களுக்குள் பேச்சு.

இதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். நியூயார்க்கில் மைக்கேல் பிர்ன்பாம் குழுவினர், மனச்சிதைவு போன்ற நோய் உள்ள இளைஞர்களின் ஃபேஸ்புக் பதிவுகளை அவர்கள் சம்மதத்தோடு வாங்கிப் பார்த்து 2019-ல் எழுதினார்கள். நோய் திரும்பி மருத்துவமனையில் சேர்வதற்கு முந்தைய மாதத்தில் வசவும் கோபமும் சாவும் பற்றிய சொற்கள் கூடியிருந்தன. வேலை, நண்பர் பற்றிய சொற்கள் குறைந்திருந்தன. புதிதாக நட்பு சேர்ப்பது அதிகமாகியிருந்தது. நம் வீட்டில் கணினி எதுவும் வேண்டாம். பழைய ஸ்டேட்டஸ்களை நல்ல நாளில் தானே எடுத்துப் பார்த்து, 'இங்கேதான் நான் வழுக்க ஆரம்பித்தேன்' என்று மூன்று அறிகுறிகளைக் குறித்தால் போதும். மூன்றுக்கு மேல் வேண்டாம். பட்டியல் நீண்டால், வாய்விட்டுச் சிரிப்பதைக்கூட வீட்டில் நோய் என்பார்கள்.

படி 4: நல்ல நாளில் ஒரு ஒப்பந்தம்

எங்கள் வீட்டு ஒப்பந்தம் ஒரு முழுத்தாளில் பாதி. ராத்திரி 9.30-க்குப் போன் அலமாரிக்குப் போகும். இரண்டு இரவு சேர்ந்தாற்போல் நான்கு மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கினால், அக்கா ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "தாள எடுக்கட்டுமாடா?" எடுத்தால், நான் ஃபேஸ்புக்கை டீஆக்டிவேட் செய்யவேண்டும், மறுநாள் டாக்டரிடம் பேசவேண்டும். அக்கா என் மெசேஜ்களைப் படிக்கக் கூடாது. மச்சான் போனைத் தொடவே கூடாது. (கடைசி வரியை எழுதும்போது மச்சான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். ஒன்றும் சொல்லவில்லை, எழுந்துபோய் டீ போட்டுக்கொண்டு வந்தார்.)

எழுதும்போது மூன்றைக் கவனியுங்கள். நோய் ஏறியிருக்கும்போது எழுதாதீர்கள், அது சண்டையாகத்தான் முடியும். ஒரே ஒருவருக்கு மட்டும் கேட்கும் உரிமை கொடுங்கள்; ஏழு பேர் மாறி மாறி 'தூங்கினியா?' என்று கேட்டால் யாருக்கும் பைத்தியம் பிடிக்கும். வீட்டார் என்ன செய்யமாட்டார்கள் என்பதும் தாளில் வரவேண்டும்.

தெரியாமல் கண்காணிக்கும் ஆப் போட்டுத் தரச்சொல்லிக் கேட்பவர்கள் உண்டு. மாட்டேன் என்று சொல்லி அனுப்பிவிடுவேன். 'என்னை யாரோ கவனிக்கிறார்கள்' என்பதே அறிகுறியாக இருக்கும் ஒருவரை நிஜமாகவே கவனிக்க ஆரம்பித்தால், அது தெரியவரும் நாளில் டாக்டர், மாத்திரை, அம்மா எல்லார்மேலும் நம்பிக்கை போய்விடும்.

இந்தத் தாளுக்குச் சட்ட மதிப்பு கிடையாது. ஆனால் இதேபோல் சிகிச்சைக்கு ஒன்று உண்டு. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-ன்படி, தனக்கு நோய் முற்றும்போது எப்படிச் சிகிச்சை தரவேண்டும், எப்படித் தரக்கூடாது என்று ஒருவர் முன்கூட்டியே எழுதிவைக்கலாம். தன் சார்பில் பேச ஒரு பிரதிநிதியையும் நியமிக்கலாம். போன் ஒப்பந்தம் எழுத உட்காரும் அன்றைக்கே இதைப் பற்றியும் பேசிவிடுங்கள். பிறகு டாக்டரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

படி 5: செட்டிங்ஸ்

வாட்ஸ்அப்பில் பிரைவசிக்குள் 'குரூப்ஸ்' என்று இருக்கும். யார் வேண்டுமானாலும் சேர்க்கலாம் என்பதை மாற்றி, தொடர்பில் உள்ளவர்கள் மட்டும் என்று வையுங்கள். ஊர் குரூப்பை விட்டு வெளியே வந்தால் 'என்னாச்சு?' என்று கேட்பார்கள், அதனால் மியூட், ஆர்கைவ். கோத்தகிரியில் கரடி கடைக்குள் புகுந்த சிசிடிவி காட்சியும் சிறுத்தை நாயைத் தூக்கும் காட்சியும் வாரம் தவறாமல் வரும். எனக்கு அது வேடிக்கை. பயத்தோடு படுத்திருக்கும் ஒருவருக்கு ராத்திரி பதினொரு மணிக்கு அது வேடிக்கையாக இருக்காது. படமும் வீடியோவும் தானாக டவுன்லோட் ஆவதையும் நிறுத்திவிடுங்கள்.

ஸ்டேட்டஸ் யாருக்குத் தெரியவேண்டும் என்பதை நல்ல நாளிலேயே பத்துப் பேராகக் குறைத்து வையுங்கள். மேனியாவில் என்ன போட்டாலும் பத்துப் பேரோடு நிற்கும். என் அனுபவத்தில் இதைவிடப் பலன் தந்த செட்டிங் வேறில்லை. செலவும் இல்லை, யாரோடும் சண்டையும் இல்லை.

யூடியூபில் ஆட்டோபிளேயை அணையுங்கள். வாட்ச் ஹிஸ்டரியை அழித்து நிறுத்திவிட்டால் முகப்பே காலியாகிவிடும், தேடினால்தான் வரும். இன்ஸ்டாகிராமில் பரிந்துரைகளைப் புதிதாகத் தொடங்கும் 'ரீசெட்' வசதி வந்திருக்கிறது. மனச்சோர்வில் சோக வீடியோவாகப் பார்த்துப் பார்த்து அதுவே கொட்ட ஆரம்பித்திருந்தால், தேறி வந்தபின் முதல் வேலையாக இதைச் செய்யுங்கள். ஃபேஸ்புக்கை டீஆக்டிவேட் செய்தால் எதுவும் அழியாது, திரும்ப வரலாம். ஆனால் மெசஞ்சர் தனியாக ஓடிக்கொண்டிருக்கும். அதைப் பல பேர் மறந்துவிடுகிறார்கள்.

படி 6: "போன் என்னைப் பற்றித்தான் பேசுகிறது"

இது மனச்சிதைவு உள்ளவர்களின் வீடுகளுக்கு. கூடலூர்ப் பக்கம் ஒரு பெண் (அனுமதி கேட்டுத்தான் எழுதுகிறேன், ஊரை மாற்றியிருக்கிறேன்), ரீல்ஸில் வருபவர்கள் தனக்கு ஜாடையாகச் செய்தி சொல்கிறார்கள் என்று நம்பினார். ரேடியோவும் டிவியும் தன்னைப் பற்றிப் பேசுவதாக நம்பியவர்கள் முன்பும் உண்டு. ஆனால் டிவி எல்லார் வீட்டுக்கும் ஒரே படத்தைத்தான் காட்டியது. போன் அப்படியா? நீங்கள் எதில் எத்தனை நொடி நின்றீர்கள், எதைத் தேடினீர்கள், எங்கே இருக்கிறீர்கள் என்பதை வைத்து உங்களுக்கென்றே பொறுக்கிக் காட்டுகிறது. மாத்திரையைப் பற்றித் தேடினால் மறுநாள் மனநோய் விளம்பரம் வரும். அவருடைய சந்தேகத்தில் ஒரு கால் பங்கு உண்மையாக இருப்பதுதான் சங்கடம்.

அதனால் 'அதெல்லாம் ஒண்ணுமில்ல, சும்மா இரு' என்றால் எடுபடாது. 'ஆமா, உன்னைத்தான் சொல்றாங்க' என்று சமாதானத்துக்காக ஆமாம் போடுவதும் தப்பு. அவருடைய அம்மா ஒரு வழி கண்டுபிடித்தார். முதலில் பயத்தைப் பற்றி மட்டும் பேசுவார்: "ராத்திரியெல்லாம் பயந்துட்டே இருந்தியா? சாப்டியா?" வீடியோ நிஜமா பொய்யா என்ற வாதத்துக்கே போகமாட்டார். மகள் தேறிய பிறகு, ஒரு மத்தியான நேரம், இரண்டு போனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு இருவரும் ஒன்றாக ரீல்ஸ் தள்ளினார்கள். அம்மா போனில் கோலமும் கருவாட்டுக் குழம்பும். அடுத்து அம்மா ஒரு புடவை வீடியோவில் வேண்டுமென்றே ஐந்து தடவை நின்றார். கொஞ்ச நேரத்தில் புடவையாக வந்தது. "பாத்தியா, நாம நிக்கற எடத்துல இது கட போடுது." இப்போதும் சந்தேகம் வந்தால் அந்தப் பெண் தன் அம்மாவிடம் "கட போடுதும்மா" என்கிறார். உடனே போனைக் கவிழ்த்து வைத்துவிடுவார்.

ஒரு எச்சரிக்கை. இந்த விளக்கம் எல்லாம் தேறியிருக்கும் நாளுக்கு. நோய் உச்சத்தில் இருக்கும்போது எந்த விளக்கமும் இன்னொரு சதியாகத்தான் தெரியும். அப்போது தேவை டாக்டர்.

ஏஐ சாட் ஆப்களும் இப்போது கையில் வந்துவிட்டன. ராத்திரி முழுக்கச் சளைக்காமல் பேசும், பெரும்பாலும் நாம் சொல்வதற்கு ஒத்து ஊதும். மேனியாவில் இருந்த எனக்கு அப்படி ஒரு துணை 2017-ல் கிடைக்காதது என் அதிர்ஷ்டம். இதையும் 9.30 விதிக்குள் கொண்டுவாருங்கள்.

படி 7: மாத்திரையை நிறுத்தச் சொல்லும் வீடியோ

'48 நாளில் மனநோய் குணம்' என்ற வகை. தானே லித்தியத்தைச் சட்டென்று நிறுத்தினால் நோய் வேகமாகத் திரும்பும் ஆபத்து உண்டு. மனச்சிதைவு மாத்திரைகளை நிறுத்தினாலும் அப்படியே. பக்கவிளைவு தாங்கவில்லை என்பதுதான் பெரும்பாலும் அந்த வீடியோவைத் தேட வைக்கும் உண்மைக் காரணம்: எடை ஏறுவது, கை நடுங்குவது, பகலெல்லாம் தூக்கம். அந்தக் காரணத்தை டாக்டரிடம் சொல்லுங்கள். அளவைக் குறைக்கவோ மாற்றவோ அவருக்கு வழி இருக்கிறது. வீடியோ லிங்க்கையே அவரிடம் காட்டினாலும் தப்பில்லை, நான் காட்டியிருக்கிறேன்.

படி 8: காசு

மேனியாவில் செலவுக்குக் கை நீளும், மனச்சோர்வில் அன்பாகப் பேசும் முகம் தெரியாதவருக்குப் பணம் கொடுக்கக் கை நீளும். யூபிஐ-யை முக்கியக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு, அதில் வாரச் செலவுக்கு மட்டும் பணம், யூபிஐ அதோடு. இதையும் பிடுங்குவதாக இல்லாமல், அவரே மாற்றுவதாகச் செய்யவேண்டும். வாங்கத் தோன்றினால் கார்ட்டில் போட்டுவிட்டு இரண்டு இரவு தூங்கியபின் வாங்குவது என்று நான் வைத்திருக்கிறேன். பாதி அங்கேயே கிடக்கும்.

பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை 2025-ல் மத்திய அரசு சட்டம் போட்டுத் தடை செய்துவிட்டது. ஆனாலும் லிங்க் வருவது நிற்கவில்லை. உடனடிக் கடன் ஆப்களைத் தொடவே வேண்டாம். தொடர்பு எண்கள், படங்கள் எல்லாவற்றையும் திறந்து கேட்கும். கட்டவில்லையென்றால் அந்த எண்களுக்கெல்லாம் அசிங்கமாக மெசேஜ் போகும். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் 1930-க்கு உடனே அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்திவைக்க வாய்ப்பு.

படி 9: நல்ல துணையைத் தேடிக்கொள்வது

எனக்கு லித்தியத்தால் கை நடுங்கும். சின்ன ஸ்க்ரூவைப் பிடிக்கும் தொழிலில் அது பெரிய விஷயம். டாக்டரிடம் சொல்லவே கூச்சமாக இருந்தது. புறநோயாளி வரிசையில் பழக்கமான நாலு பேர் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குரூப் வைத்திருக்கிறோம். அதில் ஒருவர் 'எனக்கும் அப்படித்தான், சொன்னேன், ரத்தத்தில் அளவு பார்த்துட்டு டோஸை மாத்தினாங்க' என்று எழுதிய பிறகுதான் சொன்னேன். டாக்டர் ஆயிரம் தடவை கேட்டும் வராத தைரியம் அந்த ஒரு வரியில் வந்தது.

புதிய குழுவில் சேர்ந்தால் இரண்டு வாரம் வாயைத் திறக்காமல் கவனியுங்கள். யாராவது மருந்தோ பொடியோ விற்கிறார்களா? மாத்திரை சாப்பிடுபவரைக் கேலி செய்கிறார்களா? ராத்திரி இரண்டு மணிக்குச் சாகப்போவதாக ஒருவர் எழுதினால் என்ன நடக்கிறது? கடைசிக் கேள்விக்கு நல்ல பதில் இல்லாத குழு, உள்ளே இருப்பவர்களையும் இழுத்துக்கொண்டு போகும். எங்கள் நாலு பேர் குழுவில் இரவு பத்துக்கு மேல் மெசேஜ் கிடையாது. அவசரமென்றால் போன்தான்.

தனக்கு நோய் இருப்பதை வெளிப்படையாக எழுதலாமா என்று கேட்பார்கள். எழுதலாம். மேனியாவிலும் வேண்டாம், அழுகையிலும் வேண்டாம். எழுதி வைத்துவிட்டு ஒரு மாதம் கழித்தும் போடத் தோன்றினால் போடுங்கள். சின்ன ஊரில் கல்யாணப் பேச்சு, கடை வாடகை, வேலை எல்லாவற்றுக்கும் அது போய்ச்சேரும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 10: விழுந்து எழுந்த பிறகு

நான் மருத்துவமனையில் இருந்தபோது அந்த ஜன்னல் வீடியோ ஊர் குரூப்பில் ஓடியது. திரும்பி வந்ததும் எல்லாவற்றையும் ஒரே நாளில் அழிக்க உட்கார்ந்தேன். படிக்கப் படிக்கக் கூனிக் குறுகி, இரண்டு நாள் படுத்த படுக்கை. அதனால் சொல்கிறேன்: வந்த முதல் இரண்டு வாரம் பழையதைப் பார்க்கவே வேண்டாம். அவசரமாக நீக்கவேண்டியதை நம்பிக்கையான ஒருவர், உங்கள் அனுமதியோடு, உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து நீக்கட்டும். வாட்ஸ்அப்பில் எல்லாருக்குமாக அழிப்பது சுமார் இரண்டரை நாளுக்குள்தான் நடக்கும். ஃபேஸ்புக் பதிவுகளை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து ஆர்கைவில் போடலாம். குப்பையில் போட்டால் 30 நாளில் தானாக அழியும், அதுவரை திரும்ப எடுக்கலாம். ஆர்கைவ் நல்லது. படி 3-க்கு அது பிறகு உதவும்.

மன்னிப்புக் கேட்க வேண்டியவர்களுக்கு நான் அனுப்பியது இரண்டே வரி: "அந்த வாரம் எனக்கு உடம்பு சரியில்லை. நான் எழுதியது உங்களை வருத்தியிருந்தால் மன்னியுங்கள்." நோயின் பெயர், காரணம், விளக்கம் எதுவும் தரக் கடமை இல்லை. பாதிப் பேர் பதில் போட்டார்கள்.

வீடியோ எடுத்துப் பரப்புபவர்களுக்கும் ஒரு வார்த்தை. சிகிச்சையில் இருப்பவரின் படத்தையோ தகவலையோ அவர் சம்மதமில்லாமல் ஊடகங்களுக்குத் தரக்கூடாது என்று 2017 சட்டமே சொல்கிறது. சமூக ஊடகத்தில் வந்தால் முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, அந்தந்தத் தளத்திலேயே ரிப்போர்ட் செய்யுங்கள். குரூப் அட்மினிடம் நேரில் போய்ப் பேசுங்கள். எனக்காக என் அத்தை போனார். அரை மணி நேரத்தில் வீடியோ போய்விட்டது.

படி 11: டவர் இல்லாத ராத்திரி

இது மலைக்காரர்களுக்கு மட்டும். மேலே சொன்ன உதவியெல்லாம் சிக்னலை நம்பி இருக்கிறது. மழையில் கரண்ட் போய், டவரும் போனால்?

ஒரு அட்டையில் எண்களை எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டுங்கள். 14416, டெலி மானஸ், 2022-ல் தொடங்கிய இலவச மனநல உதவி எண். 24 மணி நேரமும் தமிழிலேயே பேசலாம். 104 மருத்துவ ஆலோசனைக்கு. 108 ஆம்புலன்ஸ். 112-க்கு ஒரு விசேஷம்: உங்கள் கம்பெனி டவர் இல்லாவிட்டாலும், வேறு எந்தக் கம்பெனி டவர் கிடைத்தாலும் அது வழியாகப் போகும். மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர் உங்கள் தாலுகா மருத்துவமனைக்கு எந்தக் கிழமை வருகிறார் என்று கேட்டு அதையும் எழுதுங்கள். பக்கத்தில் எந்த மேட்டில், எந்த வளைவில் டவர் கிடைக்கும், ராத்திரி அங்கே போகப்போவது யார், ஜீப் யாரிடம் இருக்கிறது என்பதும் அதே அட்டையில் வரட்டும். காட்டெருமை நிற்கும் பாதையில் நோயாளியைத் தனியாக டவர் தேட விடாதீர்கள். மழைக்காலம் தொடங்கும் முன்பே பத்து நாள் மாத்திரை கூடுதலாக வாங்கி, வீட்டில் பொறுப்பான ஒருவர் கையில் வையுங்கள்.

ஸ்டேட்டஸில் 'எல்லாருக்கும் நன்றி', 'இனி தொந்தரவு இருக்காது' என்பது மாதிரி வந்தால் கீழே பூப்போட்டுவிட்டு நகராதீர்கள். உடனே அழையுங்கள், சாகத் தோன்றுகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. எடுக்கவில்லையென்றால் பக்கத்து வீட்டை எழுப்பி அனுப்புங்கள். உதவி வரும்வரை யாராவது கூடவே இருக்கவேண்டும், அவரைத் தனியே விடக்கூடாது.

அந்த அம்மா போன மாதம் மகனோடு கடைக்கு வந்தார். போனை மகன்தான் எடுத்து நீட்டினான். "அண்ணா, அந்த மாச பேக்கு முடிஞ்சுது. அதையே போடுங்க." போட்டுக் கொடுத்தேன். ஒப்பந்தம் எழுதிவிட்டார்களா என்று கேட்டேன். எழுதி, காலண்டருக்குப் பின்னால் வைத்திருக்கிறார்களாம். எங்கள் வீட்டில் தாளைத் திரும்பப் பார்க்கும் நாள், மே மாத மலர்க் கண்காட்சிக் கூட்டம் இறங்கிய அடுத்த திங்கட்கிழமை. அக்காவுக்கு அப்போதுதான் லீவு.